சத்துக்கு என்று சாப்பிட்ட அமுக்கரா: தைராய்டு மாத்திரை எடுக்கும் ஒரு திருப்பூர்ப் பெண்ணின் நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 43. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு சூப்பர்வைசர். ஆடி மாதம் பாதி போயிருந்தபோது என் சித்த மருத்துவ கிளினிக்குக்கு வந்தார். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி தூக்கமில்லை, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. இவைதான் அவர் சொன்ன தொந்தரவுகள். எழுதுவதற்கு அவர் ஒப்புக்கொண்டார். ஆளை அடையாளம் காட்டும் சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

"தூக்கத்துக்கு மட்டும் ஏதாச்சும் குடுங்க டாக்டரம்மா. மத்ததெல்லாம் ஷிப்மென்ட் போனா சரியாப் போயிருமுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒண்ணரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போகிறவர் ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வருவார். ஷிப்மென்ட் நெருங்கினால் அதுவும் நீளும். அந்த நேரத்தில் படபடப்பும் தூக்கக் குறைவும் இல்லாத சூப்பர்வைசரை இந்த ஊரில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேலை அழுத்தம் என்று எழுதி, ஒரு சூரணத்தைக் கொடுத்து அனுப்பிவிட எல்லா வசதியும் இருந்தது.

ஆனால் மூன்று விஷயங்கள் இடித்தன. பசி கூடியிருக்கிறது, முன்னைவிட அதிகமாகவே சாப்பிடுகிறார், ஆனாலும் எடை இறங்குகிறது. கம்பெனி மருத்துவ முகாமில் தை மாதம் 62 கிலோ இருந்தவர் அன்றைக்கு 58. இரண்டாவது, பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று தள்ளிக்கொண்டிருக்கிற நாளில் அவருக்கு நெற்றியும் கழுத்தும் வேர்த்திருந்தன. மூன்றாவது நாடி. பத்து நிமிடம் உட்காரவைத்துப் பார்த்த பிறகும் நிமிடத்துக்கு 118.

இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தேன். தாளின் ஓரம் படபடவென்று ஆடியது. "பீஸ்ல டேமேஜ் இருக்கற எடத்துல அம்பு ஸ்டிக்கர் ஒட்டோணுமுங்க. அது விரல்லயே ஒட்டிக்குது, எடத்துல உக்கார மாட்டேங்குது. புள்ளைக சிரிக்குதுங்க" என்றார். உள்ளங்கை சூடாகவும் ஈரமாகவும் இருந்தது. ரத்த அழுத்தம் 146/70. கண் பிதுக்கம் இல்லை. கழுத்தில் வீக்கமோ அழுத்தினால் வலியோ இல்லை. எங்கள் முறையில் சொன்னால் பித்த நாடி மேலோங்கியிருந்தது. எந்த முறையில் பார்த்தாலும் இது தைராய்டு ஹார்மோன் மிஞ்சிப்போன உடம்பின் தோற்றம்தான்.

அவர் கோப்பில் இருந்ததோ நேர் எதிர். இரண்டாவது பிரசவத்துக்குச் சில வருடம் கழித்துத் தைராய்டு குறைபாடு கண்டுபிடித்து, ஆறு வருடமாகத் தினமும் 75 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை எடுத்துவருகிறார். கடைசியாக மாசி மாதம் பார்த்த டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; உடம்பில் தைராய்டு ஹார்மோன் மிஞ்சினால் இது இறங்கும்) 2.8. நல்ல கட்டுப்பாடு.

வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார், கொஞ்சமும் தயங்காமல். கேள்வியை மாற்றினேன்: "சத்துக்குன்னு எதாவது எடுக்கறீங்களா அக்கா? பவுடர், லேகியம், முடிக்கு, அலுப்புக்கு?"

அப்புறம்தான் வந்தது. பங்குனியில் இருந்தே கை கால் ஓய்ந்துபோகிற அசதி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கோயம்புத்தூரில் ஜிம்முக்குப் போகும் அண்ணன் பையன், "அத்தை, இது டென்ஷனையும் கொறைக்கும், ஸ்டாமினாவும் குடுக்கும்" என்று ஆன்லைனில் ஒரு அஸ்வகந்தா கேப்சூல் டப்பா வரவழைத்துக் கொடுத்தான். ஒரு கேப்சூலில் 600 மில்லிகிராம் வேர்ச் சாறு, அதில் 5 சதவீதம் விதனோலைடு என்ற வீரியப் பொருள், கூடவே உறிஞ்சுதலுக்கு மிளகுச் சாறு. நாளுக்கு ஒன்று என்று லேபிளில் போட்டிருந்தது. இவர் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. முதல் மாதம் நன்றாகத்தான் இருந்ததாம், அசதி விட்ட மாதிரி. அதனால்தான் இரண்டாக்கினார்.

இது போதாதென்று, வீட்டில் மாமியார் ராத்திரிப் பாலில் ஒரு ஸ்பூன் அமுக்கராப் பொடி கலந்து கொடுத்துவந்தார். மருமகள் வாங்குவதும் அதே கிழங்குதான் என்று மாமியாருக்குத் தெரியாது. மருமகளுக்கும் தெரியாது. டப்பாவில் அஸ்வகந்தா, அடுப்படியில் அமுக்கரா. இரண்டும் சேர்ந்து ஓடியது ஏறக்குறைய பத்து வாரம்.

மாமியாரின் பொடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் ஒழுங்காக நடந்த காரியம் அது ஒன்றுதான். ஈரோட்டுக்கு மஞ்சள் விற்கப் போகும்போது மாமனார் அங்கே ஒரு நாட்டு மருந்துக் கடையில் சீமை அமுக்கராக் கிழங்காகவே வாங்கிவருவார், பொடியாக வாங்குவதில்லை. மாமியார் அதை இடித்து, சட்டியில் பாதிப் பாலும் பாதித் தண்ணீரும் விட்டு, வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி, துணிமேல் பொடியைப் பரப்பி, மேலே இன்னொரு சட்டியைக் கவிழ்த்து அவிப்பார். பிறகு வெயிலில் உலர்த்தி மறுபடி இடித்துச் சலித்து வைப்பது. பிட்டவியல் என்று நாங்கள் கல்லூரியில் படித்த சுத்திகரிப்பு முறை, அப்படியே. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டதற்கு, "எங்கம்மா செய்யறதைப் பார்த்ததுதான் சாமி" என்றார்.

அன்று மாலையே ரத்தம் எடுக்க அனுப்பினேன். மறுநாள் வந்த முடிவு: டி.எஸ்.எச். 0.03 (இயல்பு 0.4 முதல் 4.5 வரை), தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 2.6 (இயல்பு 0.8 முதல் 1.8 வரை). கல்லீரல் நொதி எஸ்.ஜி.பி.டி. 74, மேல் எல்லை 40. பிலிருபின் இயல்பு. ஹீமோகுளோபின் 9.8, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7. ஈ.சி.ஜி.யில் வேகம் மட்டும்தான், தாளம் தப்பவில்லை. இதை நான் தனியாக வைத்துக்கொண்டு பார்க்கிற விஷயமில்லை. வழக்கமாக நான் அனுப்பும் பொது மருத்துவரிடம் அன்றைக்கே அனுப்பிவைத்தேன். அதற்கு மேல் நடந்ததெல்லாம் இருவரும் பேசிச் செய்தது.

வேறு காரணங்கள்

அமுக்கராமேல் பழியைப் போடுவதற்கு முன்னால் விலக்க வேண்டியவை சில இருந்தன. முதல் சந்தேகம் தைராக்சின் மாத்திரையே. மருந்துக் கடையில் 75-க்குப் பதில் 100 கொடுத்துவிடுவது நடக்காத விஷயமில்லை, டப்பா பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். காலி அட்டைகளையும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னோம். எல்லாம் 75, எல்லாம் ஒரே கம்பெனி. அட்டையில் மீதியிருந்த மாத்திரையும் கணக்குக்குச் சரியாக இருந்தது, இரட்டிப்பாகப் போடவில்லை.

இரண்டாவது பயோட்டின். முடி உதிர்வுக்கு என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் பெரிய அளவில் இருக்கும். பல ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்தும் பரிசோதனை முறையைக் குழப்பி, டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டிவிடும். ஆளைப் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இவர் பயோட்டின் எடுக்கவில்லை, கேப்சூல் லேபிளிலும் இல்லை. தவிர, விரல்மேல் தாள் ஆடியது பொய்யில்லை.

மூன்றாவது, உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோய். அதற்கான எதிர்ப்புப் புரதம் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. ஸ்கேனில் சுரப்பி சிறுத்து, ரத்த ஓட்டம் கூடாமல் இருந்தது. நான்காவது, தைராய்டு அழற்சி திடீரென்று கிளம்பி ஹார்மோனைக் கொட்டுவது. ஆறு வருடம் பழைய, சுருங்கிய சுரப்பியில் அதற்கு வாய்ப்பு குறைவு. அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. சுரப்பியிலிருந்து வரும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவு கிடைத்திருக்கும். அதற்குள் கையிலிருந்து நிறையச் செலவழித்துவிட்டார், வேண்டாம் என்றார். வற்புறுத்தவில்லை, ஏனென்றால் முடிவு எப்படி வந்தாலும் அடுத்த நடவடிக்கை மாறப்போவதில்லை.

ஐந்தாவது ஒன்று உண்டு, நம்மூரில் யாரும் அதிகம் பேசாதது: கேப்சூலுக்குள் லேபிளில் இல்லாத ஒன்று கலந்திருப்பது. 2013-இல் அமெரிக்காவில் தைராய்டுக்கு நல்லது என்று கடையில் விற்ற 10 சத்து மாத்திரைகளைச் சோதித்தார்கள். 9-இல் டி3 என்ற தைராய்டு ஹார்மோனே இருந்தது. இவர் டப்பாவைச் சோதிக்க எங்களுக்கு வழியில்லை. ஆகவே அந்த வாய்ப்பு திறந்தே இருக்கிறது.

என்ன செய்தோம்

கேப்சூலும் பொடியும் அன்றே நின்றன. தைராக்சினை ஒரு வாரம் நிறுத்திவைத்து, அதே 75-ஐ மறுபடி தொடங்கச் சொன்னார் மருத்துவர். ரத்தத்தில் டி4 பாதியாகக் குறைய ஏழு நாள் பிடிக்கும் என்பதால் படபடப்பு உடனே அடங்காது. அதற்கு மட்டும் இதயத் துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் சிறு அளவில் சில வாரம். ஆஸ்துமா இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு. என் பங்குக்கு நான் எந்த மூலிகையும் கொடுக்கவில்லை. கேட்டு வந்த தூக்க மருந்துகூட இல்லை. ஒரு பொருளால் வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கும்போது இன்னொன்றை உள்ளே விட்டால், யார் என்ன செய்தார்கள் என்பது பிறகு யாருக்கும் விளங்காது.

இரண்டாவது வாரத்தில் நடுக்கம் குறைந்தது. நாடி 92. எட்டாவது வாரம் மறுபடி பார்த்தபோது டி.எஸ்.எச். 1.9, ஃப்ரீ டி4 1.3, எஸ்.ஜி.பி.டி. 31. எடை 60 ஆகியிருந்தது. இந்த முடிவில் முக்கியமானது, தைராக்சின் அளவை மாற்றவில்லை என்பதுதான். அதே 75, அதே கம்பெனி மாத்திரை, அதே அதிகாலை நேரம். மாறியது அமுக்கரா மட்டும். மறுபடி கொடுத்துப் பார்த்தால்தான் முழு நிரூபணம் என்று யாராவது வாதிடலாம். 118 நாடியுடன் வந்த ஒருவரிடம் அந்தச் சோதனையைச் செய்ய எந்த மருத்துவரும் துணியக் கூடாது.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். சுருங்கிப்போன சுரப்பி எப்படிக் கூடுதலாக ஹார்மோன் சுரக்கும்? அவருடைய மாத்திரை அளவைப் பாருங்கள். சுரப்பி முழுக்கச் செயலிழந்தவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.6 மைக்ரோகிராம் வீதம் தைராக்சின் தேவைப்படும். 62 கிலோவுக்கு அது 100-ஐத் தொடும். இவருக்கு 75-இலேயே டி.எஸ்.எச். அழகாக நின்றது என்றால், மீதியை அவர் சுரப்பி இன்னும் கொடுத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். தூண்டிவிட அங்கே ஏதோ மிச்சம் இருந்தது. அந்த மிச்சம் ஒன்றே இந்த அளவு ஏற்றத்துக்குப் போதுமா என்றால், எனக்கே முழுத் திருப்தி இல்லை. கலப்பட வாய்ப்பை மேலே திறந்துவைத்ததற்கு அதுவும் காரணம்.

அளவுக் கணக்கு

சித்த மருத்துவ அமுக்கரா சூரணத்தின் செய்முறை ஒரு வாய்ப்பாடு மாதிரி இருக்கும். கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல இரு மடங்கு. மொத்தம் 255 பங்கில் அமுக்கரா 64, அதாவது கால்வாசி. ஒரு நாளைக்கு நான்கு கிராம் சூரணம் சாப்பிடுகிறவர் உள்ளே தள்ளுவது ஒரு கிராம் கிழங்குப் பொடி. கிழங்கில் விதனோலைடு பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். அரை சதவீதம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் அது 5 மில்லிகிராம்.

மாமியார் கொடுத்த ஸ்பூன் சுமார் மூன்று கிராம், சர்க்கரை கலக்காத வெறும் பொடி. அதே கணக்கில் 15 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் மூலிகைத் தொகுப்பு, உலர்ந்த வேர்ப்பொடிக்கு நாளொன்றுக்கு மூன்று முதல் ஆறு கிராம் என்று சொல்கிறது. அந்தம்மா அதன் கீழ்வரம்பில் இருந்தார்.

கேப்சூலுக்கு வருவோம். 600 மில்லிகிராமில் 5 சதவீதம் 30 மில்லிகிராம். இரண்டு கேப்சூலுக்கு 60. பொடியையும் சேர்த்தால் 75. சூரணம் சாப்பிடுகிறவரைப் போலப் பதினைந்து மடங்கு. அதுவும் மிளகுச் சாற்றோடு. மிளகு சூரணத்திலும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, கிள்ளுகிற அளவுக்கு. மிளகிலிருந்து பிரித்தெடுத்த பைப்பரின் வேறு விஷயம். அது மற்ற மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவையே மாற்றக்கூடியது. "காலங்காலமா சாப்பிட்டதுதானே" என்ற வாதம் கிழங்குப் பொடிக்குப் பொருந்தும். சாற்றுக் கேப்சூலைக் காலங்காலமாக யாரும் சாப்பிடவில்லை.

ஆய்வுகள் சொல்வது

மன அழுத்தத்துக்கு இது வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. 1947-இல் சோவியத் மருந்தியலாளர் நிக்கோலாய் லசரேவ், உடம்பு பலவகை அழுத்தங்களைத் தாங்க உதவும் பொருட்களுக்கு அடாப்டோஜென் என்று ஒரு வகைப்பாடு கொண்டுவந்தார். அமுக்கரா அந்த வகைக்குள் பிற்பாடு வந்து சேர்ந்தது. நம் பக்கத்தில் உடல்தேற்றி என்ற பெயரில் அதற்கு முன்பே அதற்கு இடம் இருந்தது. 2012-இல் வெளியான ஒரு இந்திய ஆய்வில், அழுத்தத்தில் இருந்த 64 பேரில் ஒரு பாதிக்கு வேர்ச் சாறு 300 மில்லிகிராம் இரண்டு வேளை, மறு பாதிக்கு வெற்று மாத்திரை, 60 நாள். அழுத்த மதிப்பெண் சாறு எடுத்தவர்களுக்கு 44 சதவீதம் இறங்கியது, மற்றவர்களுக்கு 5.5 சதவீதம். அழுத்த ஹார்மோனான கார்டிசால் 27.9 சதவீதம், எதிரே 7.9. நல்ல முடிவு, சின்ன ஆய்வு. அதற்குப் பின் வந்தவையும் பெரும்பாலும் சின்னவை. இரண்டு மூன்று மாதத்தோடு நின்றுவிடுகிறவை. வருடக்கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவற்றில் பதில் இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: அந்த 64 பேர் எடுத்தது நாளுக்கு 600. நம் நோயாளி எடுத்தது 1,200.

தைராய்டு விஷயம் புதிதல்ல. 1998-லேயே சுண்டெலிகளில் அமுக்கரா வேர் தைராய்டு ஹார்மோனைக் கூட்டுவதை இந்தூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2005-இல் நெதர்லாந்தில் 32 வயதுப் பெண் ஒருவர், நீடித்த களைப்புக்கு என்று அஸ்வகந்தா கேப்சூல் சாப்பிட்டு, தைராய்டு மிகை அறிகுறிகளோடு வந்து, நிறுத்தியதும் தேறினார். 2018-இல் நேர்மறையாகவே ஓர் ஆய்வு: ஆரம்பநிலைத் தைராய்டு குறைபாடு உள்ள 50 பேரில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் நாளுக்கு 600 மில்லிகிராம் கொடுத்ததில் டி.எஸ்.எச். இறங்கி, டி3-யும் டி4-உம் ஏறின. தைராய்டு குறைந்தவருக்கு இது நல்ல செய்தி மாதிரித் தெரியும். விளம்பரங்களும் அப்படித்தான் சொல்கின்றன. ஏற்கெனவே மாத்திரையால் சமன் செய்யப்பட்டவருக்கு அதே செயல்தான் தொந்தரவு.

கல்லீரல் பற்றி எங்கள் துறையில் பேசத் தயங்குகிறார்கள், பேசியாக வேண்டும். 2020-இல் ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் ஐந்து பேருக்கு அஸ்வகந்தா எடுத்தபின் மஞ்சள் காமாலையும் கடும் அரிப்பும் வந்ததைப் பதிவு செய்தார்கள், ஐவரும் தேறினார்கள். 2023-இல் இந்தியாவிலிருந்து வந்த தொகுப்பில் வேறெதுவும் கலக்காத அஸ்வகந்தா எடுத்த எட்டுப் பேர். அதில் ஐந்து பேருக்கு முன்பே நாட்பட்ட கல்லீரல் நோய் இருந்தது, மூவர் இறந்தார்கள். சாப்பிடுகிறவர்கள் தொகையோடு ஒப்பிட்டால் இது அரிது. அரிது என்பதால் இல்லை என்று ஆகாது. நம் நோயாளியின் எஸ்.ஜி.பி.டி. 74-க்குக் காரணம் கிழங்கா, மிஞ்சிய தைராய்டு ஹார்மோனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாலும் அது ஏறும்.

இலை விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேருக்குப் பதில் இலையை, அல்லது இலை கலந்த சாற்றைப் பயன்படுத்துவது மலிவு. 2021-இல் ஆயுஷ் அமைச்சகம் தயாரிப்பாளர்களுக்கு, இலையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கச் சொல்லி அறிவுரை அனுப்பியது. டென்மார்க் 2023-இல் அஸ்வகந்தாவையே தடை செய்தது. அது கொஞ்சம் அதிகப்படி என்பது என் எண்ணம். ஆனால் வாங்குகிற டப்பாவில் வேர் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா, சித்த அல்லது ஆயுர்வேத மருந்து உரிமமா, வெறும் உணவுப் பொருள் உரிமமா என்று பார்த்து வாங்குவதில் நமக்கு என்ன சிரமம்?

முதல் அசதி

பங்குனியில் அவரைப் படுத்திய அசதிக்கு யாரும் காரணம் தேடவில்லை. ஹீமோகுளோபின் 9.8-உம் ஃபெரிட்டின் 7-உம் அதைச் சொல்லிவிட்டன. விசாரித்தால், ஒரு வருடமாக மாதவிடாய் ஏழெட்டு நாள், கட்டி கட்டியாக. "வயசாகுதுல்லீங்க, அப்படித்தான் இருக்கும்னு உட்டுட்டேன்." ஸ்கேனில் கருப்பையில் ஒரு ஃபைப்ராய்டு கட்டி. அதற்குப் பெண்கள் நல மருத்துவரிடம் போனார். படி ஏறினால் மூச்சு வாங்கியது இரும்புச் சத்து இல்லாமல். அதன்மேல் கேப்சூல் போட்டதில், முதல் மாதம் தெம்பு வந்த மாதிரி இருந்ததுகூட ஹார்மோன் ஏறத் தொடங்கியதன் முதல் சுகமாக இருக்கலாம். இது என் ஊகம்.

இரும்பு மாத்திரை தொடங்கியபோது நேரத்தில் கவனம் தேவைப்பட்டது. இரும்பும் தைராக்சினும் வயிற்றில் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், தைராக்சின் உள்ளே போகாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எங்கள் அன்னபேதி செந்தூரத்துக்கும் இதே விதிதான், அதுவும் இரும்புதானே. விடிகாலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் தைராக்சின், மதியச் சாப்பாட்டுக்கு முன் இரும்பு என்று வைத்தோம். இடையில் ஒரு சிக்கல்: கம்பெனியில் 11 மணிக்கும் நாலு மணிக்கும் டீ. டீயும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 11 மணி டீயை விட முடியாது என்றார், விடச் சொல்லவும் எனக்கு மனசில்லை. இரும்பை ஒன்றேகால் மணிக்குத் தள்ளினோம். மூன்றாவது மாதம் ஹீமோகுளோபின் 12.1. படி ஏறுகிறார்.

இப்போது நான் பார்த்துக் கொடுப்பது

அமுக்கரா சூரணத்தை இன்றும் எழுதுகிறேன். வேலைக் கவலையில் படுத்தாலும் மூளை ஓடிக்கொண்டே இருக்கிறவர்கள், நோயில் கிடந்து எழுந்து மெலிந்தவர்கள், இவர்களுக்கு நன்றாகவே கேட்கிறது. கொடுப்பதற்கு முன் ஹீமோகுளோபின், சர்க்கரை, டி.எஸ்.எச்., கல்லீரல் பரிசோதனை. இரண்டு மாதம், அதற்கு மேல் இடைவெளி விடாமல் தொடர்வதில்லை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களுக்கும், தைராய்டு மிகை உள்ளவர்களுக்கும், கல்லீரல் நோயாளிகளுக்கும், உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுக்கிறவர்களுக்கும் கிடையாது. தூக்க மாத்திரையோடும் சேர்ப்பதில்லை, மயக்கம் கூடும். அறுவைச் சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்தம். தைராக்சின் எடுக்கிறவர் ரொம்பவே கேட்டால், சூரணமாக மட்டும், ஆறாவது வாரம் டி.எஸ்.எச். பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும். சிறுநீர் கறுத்தாலோ, உடம்பு அரித்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு வரவேண்டும் என்பதை மருந்துச் சீட்டிலேயே எழுதிவிடுகிறேன்.

ஆயுஷ் மருந்துகளின் பக்க விளைவுகளைப் பதிவு செய்யக் கண்காணிப்புத் திட்டம் 2018 முதல் இருக்கிறது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் அதற்கு மையம் உண்டு. இந்த நிகழ்வை அங்கே அனுப்பினேன். எங்கள் துறையில் பலர் இதைச் செய்வதில்லை, செய்தால் மருந்துக்குக் கெட்ட பெயர் வரும் என்று. பதிவே இல்லாமல் இருந்தால்தான் யாரோ ஒருவர் ஒரேயடியாகத் தடை செய்யக் கிளம்புவார்.

மூன்றாவது மாதப் பரிசோதனைக்கு மருமகளோடு மாமியாரும் வந்திருந்தார். வயது 68, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை. "அவளுக்கு ஆவாதுன்னா விடுங்க சாமி. நான் குடிக்கறதையும் நிறுத்தோணுமா?" என்று கேட்டார். அமுக்கரா சர்க்கரையையும் அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கக்கூடியது, மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் வரலாம். அவருக்கு டி.எஸ்.எச்.சும் கல்லீரல் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தேன். ஸ்பூனை அரையாக்கி, மூன்று வாரம் காலைச் சர்க்கரையை நோட்டில் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பொடி பழையபடி அவரே அவித்துச் செய்ததாக இருக்கட்டும் என்றும்.